முகப்பொலிவு கிரீம்கள்: பட்டியலில் இல்லாத பொருளே பெரும் ஆபத்து, பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுதில்லி: சருமத்தை விரைவில் வெண்மையாக்கும் என்று கூறி விற்கப்படும் சில கிரீம்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன என்பதைக் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் வெளிவந்த நிகழ்வுகள் உணர்த்தியுள்ளன. இந்நிலையில், சருமப் பராமரிப்புப் பொருள்களை வாங்கும்போது எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற கேள்வி எழுந்துள்ளது.

பெரும்பாலான நுகர்வோர் உறையின் பின்புறத்தில் உள்ள நீண்ட வேதிப் பெயர்களைக் கண்டு தயங்குகின்றனர். ஆனால், இந்தியாவில் கடுமையான பாதிப்பை ஏற்படுத்திய பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இடம்பெறாதவை. பாதரசம் அவற்றுள் முதன்மையானது. அடுத்தது, மருந்தாக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டிய ஸ்டீராய்டு.

மலப்புறத்தில் நடந்தது என்ன?

கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு ‘மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி’ என்ற சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதடைந்து, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீருடன் வெளியேறுவதே இந்நோயின் தன்மை.

அந்த 22 பேரில் 15 பேரின் திசுப் பரிசோதனையில் ‘என்இஎல்எல்-1’ எனப்படும் அரிதான புரதம் காணப்பட்டது. காரணத்தைத் தேடிய மருத்துவர்கள், அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குவதற்கு முன்பு சருமத்தை வெண்மையாக்கும் கிரீம்களைப் பயன்படுத்தியிருந்ததைக் கண்டறிந்தனர். ஒருவருக்கு மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தது. இந்த ஆய்வு ‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது.

கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானோரின் உடல்நிலை சீரடைந்தது என்பது ஆறுதலான செய்தி. காரணம் உரிய நேரத்தில் தெரிந்ததால்தான் அது இயன்றது. கால் வீக்கத்துடன் வரும் நோயாளியிடம் ‘முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?’ என்று கேட்கும் வழக்கம் அதுவரை பரவலாக இல்லை.

மகாராஷ்டிர மாநிலம் அகோலாவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டபோதும், அவர்கள் பயன்படுத்திய கிரீமில் பாதரசம் இருந்தது சோதனையில் தெரியவந்தது.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியது. சில முகக் கிரீம்களிலும் உதட்டுச் சாயங்களிலும் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக அம்மாநில அரசு 2025 ஜனவரியில் தெரிவித்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற வரம்பை வைத்துக் கணக்கிட்டால், இது எடையில் 1.2 சதவீதம் ஆகும். அதாவது, 20 கிராம் கிரீமில் ஏறத்தாழ கால் கிராம் பாதரசம்.

பாதரசம் ஏன் கலக்கப்படுகிறது?

சருமத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அது உருவாவதற்கு ‘டைரோசினேஸ்’ என்ற நொதி தேவை. பாதரச உப்புகள் அந்த நொதியின் செயல்பாட்டைத் தடுக்கின்றன. அதனால் சில வாரங்களிலேயே நிறம் வெளிறத் தொடங்குகிறது. விலை குறைவு, பலன் விரைவு என்ற இரண்டு காரணங்களுக்காகச் சட்டவிரோத உற்பத்தியாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

சருமத்தின் வழியாகவும் மயிர்க்கால்களின் வழியாகவும் உட்புகும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகியவை அதன் அறிகுறிகள். கருவுற்ற பெண்ணிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் பாதரசம் செல்லக்கூடும்.

பூசிக்கொள்பவரோடு இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கிரீமிலிருந்து வெளியேறும் பாதரச ஆவியைச் சுவாசிப்பதாலும், துண்டு, தலையணை உறை போன்றவற்றின் வழியாகவும் வீட்டிலுள்ள மற்றவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், பாதிக்கப்படலாம் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரித்துள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அழகுசாதனப் பொருள்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. 2020 டிசம்பரில் இவற்றுக்கென்று தனியாக அழகுசாதனப் பொருள்கள் விதிகள் வெளியிடப்பட்டன.

இந்த விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பயன்படுத்தும் பொருள்களில் தற்செயலாகச் சேரும் பாதரசம் பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பிற பொருள்களில் இந்த வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாதரசச் சேர்மங்களை வேண்டுமென்றே சேர்ப்பதற்கு இதில் இடமில்லை. சாயங்களிலும் நிறமிகளிலும் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டக் கூடாது.

அழகுசாதனப் பொருள்களில் பாதுகாப்பற்றவை எனக் கருதப்படும் மூலப்பொருள்களின் பட்டியலை இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனது ‘ஐஎஸ் 4707’ தரநிலையின் இரண்டாம் பகுதியில் வெளியிட்டுள்ளது.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்தியா 2018 ஜூன் மாதத்தில் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகளின் மாநாடு, ‘பத்து லட்சத்தில் ஒரு பங்கு’ என்ற விலக்கையும் நீக்கியது. பாதரசம் சேர்க்கப்பட்ட அழகுசாதனப் பொருள்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுக்குள் கைவிட அம்மாநாடு முடிவு செய்தது.

விதிகள் தெளிவாக உள்ளபோதும், அவை உரிமம் பெற்ற தொழிற்சாலைகளையே எளிதில் எட்டுகின்றன. தயாரித்தவரின் பெயரோ முகவரியோ இன்றி, கைமாறி கைமாறி வந்து சேரும் குப்பிகளே இன்றைய சிக்கலின் மையமாக உள்ளன.

மருந்தே நஞ்சாகும்போது

இரண்டாவது ஆபத்து மருந்துக் கடையிலிருந்தே வருகிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீம்கள் எக்சிமா, சொரியாசிஸ் உள்ளிட்ட நோய்களுக்கு மருத்துவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பரிந்துரைக்கும் மருந்துகள். இவற்றைப் பூசியதும் சிவப்பும் அரிப்பும் தணிந்து, முகம் வெளிறித் தெளிவாகத் தோன்றும். அந்தத் தோற்றமே பலரை இவற்றைத் தொடர்ந்து பூசத் தூண்டுகிறது.

நாட்டின் பல்வேறு சரும நோய் மையங்களில் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் சருமப் பிரச்சினையுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம்களைப் பயன்படுத்திவந்தது தெரிந்தது. அவர்களில் 29 சதவீதத்தினர் அதனை நிறத்தை வெளுக்கச் செய்யும் கிரீமாகவோ பொதுவான முகக் கிரீமாகவோ பூசிவந்தனர்.

மாதக்கணக்கில் பூசும்போது சருமம் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. பருக்களும் முகத்தில் தேவையற்ற முடியும் தோன்றுகின்றன. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட அதிகமாகத் திரும்புகின்றன. அதைத் தாங்க இயலாமல் மீண்டும் அதே கிரீமைப் பூசுவதால், விட முடியாத பழக்கமாக அது மாறுகிறது. படர்தாமரை உள்ள இடத்தில் பூசினால் பூஞ்சைத் தொற்று பரவி, சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படாத நிலையும் ஏற்படுகிறது.

இதைத் தடுக்கும் நோக்கில், 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவரின் சீட்டு இன்றி விற்க மத்திய அரசு 2018 மார்ச் மாதத்தில் தடை விதித்தது. கரும்படலத்துக்குப் பரிந்துரைக்கப்படும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த கிரீமும் மருத்துவரின் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டிய மருந்தே. ஹைட்ரோகுவினோனை நீண்ட காலம் பூசினால் முகத்தில் நீலம் கலந்த கருமை படியக்கூடும். நிறத்தை வெளுக்கச் செய்யப் பூசியதே கருமைக்குக் காரணமாகிவிடுகிறது.

வாங்கும் பொருள் மருந்தா, அழகுசாதனப் பொருளா என்பதை அறிய எளிய வழி உண்டு. குழாயின் மீது ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும், மருத்துவரின் சீட்டின்படி மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது மருந்து. உறவினரோ அழகு நிலையமோ பரிந்துரைத்தார்கள் என்பதற்காக அதை முகத்தில் பூசக் கூடாது.

உறையில் பார்க்க வேண்டியவை

உறையைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முதலாவதாக, தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் இருக்க வேண்டும். அடுத்து, ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பொருளாக இருந்தால், இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவை இருப்பது கட்டாயம். வெளிநாட்டு மொழியில் மட்டுமே எழுத்துகள் உள்ள, இறக்குமதியாளரின் பெயர் இல்லாத குப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. இணையவழியில் வாங்கும்போது, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் விவரத்தையும் தயாரிக்கப்பட்ட நாட்டையும் விற்பனைப் பக்கத்திலேயே சரிபார்க்கலாம்.

மூன்றாவதாக, பொருள்களின் பட்டியல். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில் எழுதப்படும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை அதன் பின்னர் எந்த வரிசையிலும் வரலாம். எனவே முதல் ஐந்தாறு பெயர்களே அந்தப் பொருள் பெரும்பாலும் எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடும். முன்புறத்தில் குங்குமப்பூவின் படம் பெரிதாக இருந்து, பட்டியலின் கடைசியில் அதன் பெயர் வந்தால், அது பெயரளவில்தான் உள்ளது என்று கொள்ளலாம்.

இங்கு ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த திரவங்களுக்கும், 30 கிராமுக்குக் குறைந்த கிரீம்களுக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. சிறிய குப்பிகளே அதிகம் விற்கும் சந்தையில் இது நுகர்வோருக்குப் பாதகமான நிலை. பட்டியல் உள்ள பெரிய அளவு உறையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது உதவும்.

பாதரசம் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால், அது ‘மெர்குரி’ என்ற பெயரில் மட்டும் இருக்காது. ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’, ‘மெர்குரிக் அயோடைடு’, ‘அம்மோனியேட்டட் மெர்குரி’, ‘சின்னபார்’ போன்ற பெயர்களிலும் வரலாம். எழுதப்படாதபோதும் சில துப்புகள் கிடைக்கின்றன. ‘தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை அவற்றுள் ஒன்று. முகத்தில் பூசும் பொருள் நகையில் படக் கூடாது என்று சொல்லப்பட்டால் காரணத்தை ஊகிக்கலாம். சில நாள்களிலேயே நிறம் மாறும் என்ற வாக்குறுதி இன்னொரு துப்பு.

அழகு நிலையங்களில் உறையின்றி டப்பாவிலிருந்து எடுத்துத் தரப்படும் கிரீம், சமூக ஊடகங்களில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று விற்கப்படும் கிரீம் ஆகியவற்றில் மேற்கண்ட எதையும் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாததைப் பூசாமல் இருப்பதே பாதுகாப்பு.

நீண்ட பெயர்கள் எல்லாம் தீங்கானவையா?

பட்டியலில் உள்ள கடினமான பெயர்களில் பல சாதாரணமானவை. ‘அக்வா’ என்பது தண்ணீர். ‘டோகோஃபெரால்’ என்பது வைட்டமின் ஈ. ‘அஸ்கார்பிக் ஆசிட்’ என்பது வைட்டமின் சி. ‘வேதிப்பொருள் அற்றது’ என்ற விளம்பரத்துக்கு அறிவியல்படி பொருள் இல்லை. தண்ணீரும் ஒரு வேதிப்பொருளே.

பாரபென் எனப்படும் பதப்படுத்திகள் குறித்து நீண்ட காலமாக விவாதம் நடந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வகைப் பாரபென்களை 2014ஆம் ஆண்டில் தடை செய்தது. மெத்தில் பாரபென் போன்றவற்றைக் குறைந்த அளவில் அனுமதிக்கிறது. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் பதப்படுத்தி இல்லையெனில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். எனவே ‘பாரபென் இல்லை’ என்ற வாசகம் மட்டும் பாதுகாப்பின் சான்று ஆகாது. அதற்குப் பதிலாக என்ன சேர்க்கப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ‘மெத்தில் ஐசோதையசோலினோன்’ என்ற பதப்படுத்தி ஒவ்வாமையை அதிகம் ஏற்படுத்தியதால், கழுவாமல் விடப்படும் கிரீம் வகைகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது.

எளிதில் ஒவ்வாமை ஏற்படும் சருமம் உடையவர்கள் முதலில் தவிர்க்க வேண்டியது நறுமணப் பொருளை. பட்டியலில் அது ‘ஃப்ராக்ரன்ஸ்’ அல்லது ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லாக இருக்கும். அதனுள் பல சேர்மங்கள் அடங்கியிருக்கலாம். கருவுற்ற பெண்கள் ரெட்டினால், ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் ஆகியவை உள்ள பூச்சுகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

‘இயற்கை’ என்ற சொல்லும் உறுதிமொழி ஆகாது. எலுமிச்சைச் சாறு பூசிய முகத்துடன் வெயிலில் சென்றால் சருமம் வெந்து கருமை படியலாம். ‘கருப்பு மருதாணி’யில் கலக்கப்படும் ‘பிபிடி’ என்ற தலைமுடிச் சாயப்பொருள் கொப்புளங்களை ஏற்படுத்தக்கூடும். ஆயுர்வேத, சித்த, யுனானி உரிமத்தின்கீழ் தயாராகும் பூச்சுகளிலும் உரிம எண்ணும் பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும்.

புதிய பொருளை முகம் முழுவதும் பூசுவதற்கு முன்பு, முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு வாரம் கவனிக்குமாறு சரும நோய் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். எரிச்சலோ சிவப்போ தோன்றினால் அதனைத் தவிர்க்க வேண்டும். ஆயினும், இந்தச் சோதனை ஒவ்வாமையை மட்டுமே காட்டும். பாதரசத்தையோ ஸ்டீராய்டையோ காட்டாது. ஸ்டீராய்டு பூசிய இடம் முதல் வாரத்தில் மேலும் தெளிவாகவே தோன்றும்.

முகத்தில் கருந்திட்டுகள் இருப்பின், சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசுவதும் வெயிலைத் தவிர்ப்பதும் சிகிச்சையின் அடிப்படை. அசெலாயிக் ஆசிட், நியாசினமைடு ஆகியவை மெதுவாகப் பலன் தருபவை. அதற்குப் பல வாரங்கள் ஆகும். சருமத்தின் இயல்பான நிறம் ஒரு நோய் அல்ல என்பதால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் என்ன செய்ய வேண்டும்?

தயாரிப்பாளரின் விவரம் இல்லாத கிரீமைப் பூசிவருபவர்கள் உடனே அதை நிறுத்தி, கைகளை நன்கு கழுவ வேண்டும். சிறுநீர் நுரைத்துப் போதல், கால் அல்லது முகத்தில் வீக்கம், காரணம் தெரியாத சோர்வு ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகி, பயன்படுத்திய கிரீமைப் பற்றித் தாமாகவே தெரிவிக்க வேண்டும். சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையே முதல் படி. தேவைப்பட்டால் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவு பார்க்கப்படும்.

ஸ்டீராய்டு கிரீமை நீண்ட நாள் பூசியவர்கள் அதனைத் தாமாக நிறுத்தாமல், சரும நோய் மருத்துவரின் வழிகாட்டுதலுடன் விடுவது நல்லது. திடீரென நிறுத்துவதால் ஏற்படும் எரிச்சலைச் சமாளிக்க மாற்று மருந்துகள் தேவைப்படலாம்.

மீதமுள்ள கிரீமைக் கழிவுநீரில் கொட்டவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. குப்பியையும் உறையையும் பிளாஸ்டிக் பையில் மூடி வைப்பது, பின்னர் புகார் அளிக்க உதவும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, தாம் வாங்கிய பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளிக்க எந்தவொரு நபருக்கும், அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கத்துக்கும் உரிமை உண்டு. அதிகம் அறியப்படாத இந்த உரிமை, சந்தேகத்துக்குரிய குப்பியில் என்ன உள்ளது என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழியாகும்.

போலி அல்லது உரிமமற்ற பொருள் குறித்து மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் அளிக்கலாம். நுகர்வோர் குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 செயல்படுகிறது. ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகளால் ஏற்படும் பாதிப்புகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.